தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கூட்டுப் பண்ணை: ஒரு நாளில் எதைப் பார்ப்பது, எதை நம்புவது?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். ஓசூரில் வேலை. தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டிப் பக்கம் அப்பா வழியில் வந்த இரண்டு ஏக்கர் மேட்டு நிலம் சும்மா கிடக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் தேன்கனிக்கோட்டை வட்டத்தில் சில விவசாயக் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் ஓர் இயற்கைப் பண்ணையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள். பெர்மாகல்ச்சர் முறை, பழமரங்களுக்கு நடுவே ஊடுபயிர், ரசாயனம் கிடையாது. மனைவி, பிள்ளைகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாமா, போனால் எதைக் கவனிக்க வேண்டும் என்கிறீர்கள். கடைசியில் "அதே மாதிரி எங்கள் கொல்லையிலும் செய்ய முடியுமா" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். மனதில் ஓடுகிற கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அங்கே சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம்? அங்கே நடந்தது நம் நிலத்தில் நடக்குமா?

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் இயற்கை விவசாயக் குழுக்களோடு நீண்ட காலமாக வேலை பார்த்து வருகிறேன். பி.ஜி.எஸ். என்கிற பங்கேற்பு உத்தரவாத முறையில் சான்று வாங்கும் குழுக்களின் தோட்டங்களைச் சுற்றிப் பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. மண், தண்ணீர், மரம், குழுவின் கணக்கு இவற்றைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். பத்திரம், வரி மாதிரி விஷயங்களுக்கு வழக்கறிஞரிடம்தான் போக வேண்டும். நீங்கள் பார்க்கப் போகும் பண்ணையை நான் பார்க்காமல் நல்லது கெட்டது சொல்வது முறையாகாது. எந்தப் பண்ணைக்குப் போனாலும் பயன்படுகிற மாதிரி சொல்கிறேன்.

முதலில் பெயரைக் கண்டு மலைத்துப் போக வேண்டாம். பெர்மாகல்ச்சர் 1970-களில் ஆஸ்திரேலியாவில் பில் மோலிசன், டேவிட் ஹோம்கிரன் இருவரும் வகுத்த திட்டமிடல் முறை. சாரம் எளிது. மழைநீர் நிலத்தை விட்டு வெளியேறும் முன் அதை எங்கெங்கே நிறுத்தலாம் என்று பார்ப்பது, தினமும் கை பட வேண்டியதை வீட்டுக்குப் பக்கத்தில் வைப்பது, ஒன்றின் கழிவை இன்னொன்றுக்கு உணவாக்குவது, ஆண்டுப் பயிரோடு பல்லாண்டு மரங்களையும் சேர்ப்பது. நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு இது புதிதில்லை. ராகிக் கொல்லையில் இடையிடையே அவரை, துவரைச் சால் விடுவார்கள். வரப்பில் புளி, கிணற்று மேட்டில் மா, வீட்டுப் பின்னால் முருங்கை, அறுவடை முடிந்த நிலத்தில் ஆட்டுக் கிடை. புதிதாக வந்தது, இதையெல்லாம் ஒரு காகிதத்தில் வரைந்து, சரிவைப் பார்த்து, திட்டத்தோடு செய்வது. அந்த வரைபடம் பண்ணையில் இருந்தால் முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள். எந்த வருடம் எந்தப் பகுதியில் நட்டார்கள் என்று அதில் குறித்திருந்தால் பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும்.

எப்போது போவது? ஐப்பசி, கார்த்திகையில் போகாதீர்கள் என்பதுதான் என் பதில். அந்தச் சமயத்தில் இந்தப் பக்கம் தரிசு நிலம்கூடப் பச்சையாகத்தான் இருக்கும். சித்திரையில், கோடை மழை நன்றாகப் பிடிப்பதற்கு முன்னால் போங்கள். ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயில் உச்சத்தில் இருக்கும்போது மண் எப்படி இருக்கிறது, இளம் கன்றுகள் இலை தொங்காமல் நிற்கின்றனவா, போர்வெல் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது, இதெல்லாம் அப்போதுதான் தெரியும். மா அறுவடையும் அந்தச் சமயத்தில் ஆரம்பித்திருக்கும். முடிந்தால் ஐப்பசியில் இன்னொரு முறை, மழை பெய்த மறுநாள் போய், தண்ணீர் எங்கே நிற்கிறது, எங்கே ஓடுகிறது என்று பார்க்கலாம். ஒரே முறைதான் முடியும் என்றால் கோடைதான்.

போனதும் எல்லோரும் மரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். நீங்கள் மரத்துக்குக் கீழே குனிந்து பாருங்கள். மண்ணை மூடிப் பரப்பியிருக்கும் இலை தழையை, அதாவது மூடாக்கை, கையால் விலக்குங்கள். மேலே காய்ந்த இலை, அதற்குக் கீழே பாதி மக்கிய கறுப்பு இலை, அதற்கும் கீழே வெள்ளை நூல் மாதிரி பூஞ்சை ஓடி, மண் ஈரமாக, விரலால் நோண்டினால் இறங்குகிற மாதிரி இருந்தால் அந்த இடத்தில் பல வருடங்களாக உழைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மண்புழு எச்சம் சிறு சிறு உருண்டைகளாகக் கிடக்கும். மேலே மட்டும் புது வைக்கோல் பரப்பி, கீழே செம்மண் கெட்டியாக வெடித்திருந்தால் அந்த மூடாக்கு போன வாரம் போட்டது. நம் செம்மண்ணில் கரையான் அதிகம் என்பதால் இன்னொன்றையும் கவனியுங்கள். விஷயம் தெரிந்தவர்கள் கன்றின் தண்டை ஒட்டி மூடாக்குப் போட மாட்டார்கள், ஒரு சாண் இடைவெளி விட்டிருப்பார்கள்.

ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். பிள்ளைகளுக்கும் பிடிக்கும். வாய் அகன்ற கண்ணாடி பாட்டில் இரண்டு எடுத்துப் போங்கள். பண்ணைக்குள் மரத்தடியில் இருந்து காய்ந்த மண்கட்டி ஒன்று, வேலிக்கு வெளியே உழுது போட்ட நிலத்திலிருந்து அதே அளவில் ஒன்று. இரண்டு பாட்டிலிலும் தண்ணீர் நிரப்பி, கட்டியை மெல்ல விட்டுவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். மக்கு நிறைந்த மண்ணின் கட்டி உருக்குலையாமல் நிற்கும், தண்ணீரும் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். மக்கு இல்லாத மண்ணின் கட்டி குமிழ் விட்டுப் பொலபொலவென்று உதிர்ந்து, தண்ணீர் செஞ்சாந்தாகிவிடும். மழையில் எந்த மண் கரைந்து ஓடும், எது தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதை இதைவிடத் தெளிவாக யாராலும் விளக்க முடியாது. களிமண் அதிகமுள்ள நிலத்தில் முடிவு கொஞ்சம் மாறும். பக்கத்துப் பக்கத்து நிலத்தை ஒப்பிடுவதால் அது பெரிய குறையாக இருக்காது.

அடுத்தது ரசாயனம். மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஒரு சுற்று போய் வாருங்கள். பூச்சிமருந்து பாட்டிலைக் காலி செய்ததும் தூக்கிப் போடுகிற இடம் எந்த ஊரிலும் அதுதான். களைக்கொல்லி அடித்திருந்தால் புல் நின்றபடியே வேரோடு ஒரே சீராக வைக்கோல் நிறத்தில் காய்ந்திருக்கும். கருவியால் வெட்டியிருந்தால் நுனி வெட்டுப்பட்டு, அடியில் பச்சைத் துளிர் இருக்கும். குழந்தைகள் கீழே கிடக்கும் பாட்டிலையோ ஸ்ப்ரேயரையோ தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமரம் இருக்கிற பண்ணை என்றால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வெளியூர்க்காரர்கள் யாரும் இதைக் கேட்பதில்லை. "தோப்பைக் குத்தகைக்கு விடுகிறீர்களா?" கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பூ விடும்போதே, சில இடங்களில் அதற்கும் முன்பே, தோப்பை வியாபாரிக்குக் குத்தகை பேசிவிடுவது பழைய வழக்கம். அதற்கப்புறம் தத்துப்பூச்சிக்கு என்ன மருந்து, எத்தனை தடவை என்பதை முடிவு செய்பவர் குத்தகைக்காரர்தான். நில உரிமையாளர் மனதார இயற்கை விவசாயியாக இருக்கலாம். ராகியும் காய்கறியும் சுத்தமாக விளைந்திருக்கலாம். ஆனால் தோப்புக்கு டிராக்டர் ஸ்ப்ரேயர் வந்து போயிருக்கும். இதோடு கல்டார் பற்றியும் கேளுங்கள். பேக்லோபுட்ரசால் என்கிற வளர்ச்சிக் கட்டுப்படுத்தியின் விற்பனைப் பெயர் அது. பூவை வரவைக்க மரத்தடி மண்ணில் ஊற்றுவார்கள். மண்ணில் நெடுநாள் தங்கக்கூடியது, இயற்கை விவசாயத்தில் அனுமதி இல்லை. ஊற்றிய மரத்தில் துளிர்க் கிளைகளின் கணுக்கள் நெருங்கி, பூங்கொத்து குட்டையாக, அடர்த்தியாக இருக்கும். "முன்னால் ஊற்றினோம், நிறுத்தி இத்தனை வருடம் ஆகிறது" என்று ஒருவர் சொன்னால் அவரை நம்பலாம். நேர்மையாகப் பேசுகிற குழுக்களில் இப்படித்தான் சொல்வார்கள்.

பழுக்க வைப்பதையும் கேளுங்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. எத்திலீன் வாயு 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை அனுமதிக்கப்பட்டது. இயற்கைப் பண்ணைகளில் பெரும்பாலும் வைக்கோலில் வைக்கிறார்கள். முற்றிய காயைக் காம்போடு பறித்து, பால் வடிய விட்டு அடுக்கியிருந்தால் தோலில் கறுப்புத் தழும்பு விழாது. தரையில் உதறி விழுந்த காயையும் நல்ல காயோடு கலந்து அடுக்கியிருந்தால் அறுவடையில் கவனம் போதவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

சான்றிதழ் விஷயத்தில் பலருக்குக் குழப்பம். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, வெளி நிறுவனம் வந்து ஆய்வு செய்யும் என்.பி.ஓ.பி. (தேசிய அங்கக உற்பத்தித் திட்டம்) சான்று. 2001-ல் வந்தது, ஏற்றுமதிக்கு இது கட்டாயம். தமிழ்நாட்டில் அரசின் விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறையே இதை வழங்குகிறது. பழமரம் மாதிரி பல்லாண்டுப் பயிருக்கு மூன்று வருட மாறுதல் காலம், அதாவது ரசாயனத்தை விட்டு இயற்கை முறைக்கு மாறும் காலம், உண்டு. இன்னொன்று பி.ஜி.எஸ். குறைந்தது ஐந்து விவசாயிகள் ஒரு குழுவாகி, ஒருவர் தோட்டத்தை ஒருவர் சோதித்துக்கொள்வது. மாறுதல் காலத்தில் இருப்பவருக்கு பி.ஜி.எஸ். கிரீன், அதை முடித்தவருக்கு பி.ஜி.எஸ். ஆர்கானிக். உள்நாட்டு விற்பனைக்கு இது போதும். சான்று இல்லாததாலேயே ஒரு பண்ணையைப் பொய் என்று ஒதுக்கிவிடாதீர்கள். சான்றுக்குச் செலவழிக்க முடியாத நல்ல விவசாயிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சான்று இருக்கிறது என்றால் அது எந்தப் பயிருக்கு, எந்த சர்வே எண்ணுக்கு என்று பாருங்கள். ராகிக்கு வாங்கிய சான்றைக் காட்டி மாம்பழம் விற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி கூட்டுறவு என்கிற சொல். இந்தப் பக்கம் இன்று அது மூன்று நான்கு பொருளில் புழங்குகிறது. 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தில் பதிவு செய்தது ஒரு வகை. 2003-லிருந்து கம்பெனிச் சட்டத்தில் இடம்பெற்ற உற்பத்தியாளர் நிறுவனம் இன்னொரு வகை. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் உறுப்பினருக்கு ஒரு வாக்குதான். அறக்கட்டளை மூன்றாவது. இவற்றில் எதிலும் சேராமல், நிலத்தைச் சிறு துண்டுகளாக்கி நகரத்துக்காரர்களுக்கு விற்று, "நாங்களே பராமரித்துத் தருகிறோம்" என்று சொல்லும் தனியார் திட்டங்களும் தேன்கனிக்கோட்டை, இராயக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் பெருகியிருக்கின்றன. அவர்களும் கூட்டுப் பண்ணை, பெர்மாகல்ச்சர் என்றுதான் விளம்பரம் செய்கிறார்கள். அதில் சேர்வதும் சேராததும் உங்கள் விருப்பம். ஆனால் அது கூட்டுறவு கிடையாது. சுற்றிக் காட்டிவிட்டுக் கடைசியில் "முன்பணம் கொடுத்து ஒரு பங்கு பிடித்துக்கொள்ளுங்கள்" என்று பேச்சு திரும்பினால், அன்றைக்குப் பணம் எதுவும் கொடுக்காமல் கிளம்புங்கள். பதிவு எண், கடைசிப் பொதுக்குழுத் தீர்மானம், தணிக்கை செய்த வரவு செலவு, உங்கள் பெயரில் பட்டா வருமா வராதா, இந்த நான்குக்கும் தாளில் பதில் வந்தபிறகு யோசியுங்கள்.

உண்மையான கூட்டுறவு எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டால் உங்கள் மாவட்டத்திலேயே அரூர்ப் பக்கம் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு இருக்கிறது. 1990-களில் டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா ரெஜி தம்பதி பழங்குடி மக்களுக்கான மருத்துவ சேவையாகத் தொடங்கிய ட்ரைபல் ஹெல்த் இனிஷியேடிவ் பணியின் தொடர்ச்சியாக அங்கே இயற்கை விவசாயிகள் சங்கம் வளர்ந்தது. சிறுதானியமும் மஞ்சளும் விளைவிக்கிறார்கள், தாங்களே சுத்தம் செய்து, மதிப்புக் கூட்டி விற்கிறார்கள். பழமரக் காடு பார்க்க வேண்டுமென்றால் இது பொருத்தமான இடமில்லை. சிறு விவசாயிகள் சேர்ந்து விலையை எப்படிக் கையில் எடுத்துக்கொள்ள முடியும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் பக்கத்தில் கிடைக்காது. பழத்தில்தான் இது இன்னும் முக்கியம். பெங்களூரா ரக மாம்பழத்தின் விலை கூழ் ஆலைகளின் கையில் இருக்கிறது. விளைச்சல் கூடிய வருடத்தில் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் காயை மரத்திலேயே விடுகிற நிலை இங்கே வந்திருக்கிறது. ஆகவே நீங்கள் போகும் பண்ணையில், பழம் எங்கே போகிறது, வற்றல் போடுகிறார்களா, கூழாக்குகிறார்களா, நேரடியாக விற்கிறார்களா, கிலோவுக்கு உறுப்பினர் கைக்கு எவ்வளவு வருகிறது என்று கேளுங்கள். வழிகாட்டியிடம் மட்டும் கேட்டால் போதாது. களை எடுத்துக்கொண்டிருக்கும் அக்காக்களிடம் பேசுங்கள். யார் உறுப்பினர், யார் கூலிக்கு வந்தவர், ஆண் கூலி எவ்வளவு, பெண் கூலி எவ்வளவு என்று அவர்கள் சொல்வதில் அந்தக் கூட்டுறவின் உண்மை நிலை தெரியும்.

இன்னொரு கேள்வியை மறக்காதீர்கள்: "எந்த மரம் செத்தது?" எல்லாப் பண்ணையிலும் மரம் சாகும். தண்ணீர் போதாமல், கரையான் பிடித்து, ஆடு கடித்து, அந்த மண்ணுக்கு ஒத்துவராமல். செத்த இடத்தைக் காட்டி, ஏன் செத்தது, அப்புறம் அங்கே என்ன வைத்தோம் என்று சொல்பவரிடம் நீங்கள் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்வது மிக அதிகம்.

அங்கே கேட்கப் போகும் பேச்சில் எது உறுதி, எது சந்தேகம் என்றும் சொல்லிவிடுகிறேன். மூடாக்கு மண் சூட்டைக் குறைத்து ஈரத்தைக் காக்கும், இது உறுதி. சரிவில் ஒரே மட்டத்தில் எடுக்கும் சம உயர வரப்பும் குழியும் மழைநீரை நிலத்துக்குள் இறக்கும், உறுதி. அகத்தி, கிளைரிசிடியா, சணப்பு, கொழிஞ்சி, துவரை எல்லாம் காற்றிலிருந்து தழைச்சத்தை வேர்முடிச்சில் சேர்க்கும், உறுதி. பல வகை மரம் இருந்தால் ஒரே பூச்சியால் மொத்தமும் போகாது என்பதும், ஒரு பழம் விலை விழுந்தால் இன்னொன்று தாங்கும் என்பதும் அனுபவத்தில் கண்டது. மரம் வளர்ந்து நிழல் கூடினால் ராகியின் விளைச்சல் குறையும் என்பதும் அதே அளவுக்கு உறுதி. இதை மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

சாணி, கோமியம் சேர்த்துத் தயாரிக்கும் ஜீவாமிர்தம், பஞ்சகவ்யா கரைசல்கள் விஷயத்தில் நான் கொஞ்சம் நிதானமாகப் பேசுவேன். 200 லிட்டர் ஜீவாமிர்தத்தில் 10 கிலோ சாணி, கோமியம், இரண்டு கிலோ வெல்லம், இரண்டு கிலோ பயறு மாவு, ஒரு பிடி மண். ஒரு ஏக்கருக்குத் தேவையான சத்து இதில் இல்லை என்பது கணக்குப் போட்டாலே தெரியும். மண்ணிலிருக்கும் நுண்ணுயிரைத் தூண்டி வேலை செய்ய வைக்கிறது என்கிறார்கள். அதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு, ஆனால் ஆய்வு முடிவுகள் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றன. மக்கும் மூடாக்கும் இருக்கிற நிலத்தில் அது உதவுவதை நானே பார்க்கிறேன். வெறும் செம்மண்ணில் அதை மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தால் மரம் தேறாது. உயரமான மரம் முதல் தரைப் பயிர் வரை ஐந்து அடுக்காக நடும் ஐந்தடுக்கு முறையில் ஏக்கருக்கு லட்சக்கணக்கில் வருமானம் என்ற பேச்சை அப்படியே ஏற்க வேண்டாம். அந்தக் கணக்குகளில் வாழையும் தென்னையும் பாக்கும் இருக்கும். வருடம் முழுக்கத் தண்ணீர் பாயும் நிலத்தின் கணக்கு அது. "இந்தப் பழம் சாப்பிட்டால் சர்க்கரை குறையும், அந்த நோய் போகும்" என்று சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

சரி, உங்கள் இரண்டு ஏக்கருக்கு வருவோம். தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். தருமபுரிப் பக்கம் அதில் ஏறக்குறையப் பாதிதான். அங்கே குளிர்ச்சியில் நன்றாக நிற்கிற பட்டர் ஃப்ரூட், ஆரஞ்சு வகைகளைப் பார்த்து ஆசைப்பட்டுக் கன்று வாங்கிவந்தால் உங்கள் சித்திரை வெயிலில் காப்பாற்றுவது கஷ்டம். உங்கள் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் மா, நெல்லி, சீத்தா, நாவல், கொய்யா, புளி, முருங்கை. புளியில் அஞ்செட்டிப் பக்கத்து உரிகம் என்ற ஊரின் பெயரிலேயே நீளமான காய் காய்க்கும் ரகம் உண்டு. ஒட்டுக் கன்றாக வைத்தால் நாலைந்து வருடத்தில் காய்க்கும், விதைக் கன்று எட்டு பத்து வருடம் எடுக்கும். பலாவும் வைக்கலாம்தான், ஆனால் தண்ணீர் வசதி பார்த்து. காட்டை ஒட்டிய நிலமென்றால் பலா வேண்டாம். பழம் பழுத்த வாசனைக்கு யானை தேடி வரும். அஞ்செட்டி, ஜவளகிரிப் பக்கத்து விவசாயிகள் ராகி அறுவடைச் சமயத்தில் பரண் கட்டி ராத்திரி முழுக்க விழித்திருப்பது இன்றும் நடக்கிறது.

தண்ணீர்க் கணக்கை ஒரு முறை போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கரில் 1 மி.மீ. மழை பெய்தால் சுமார் 4,000 லிட்டர். நம் மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி சுமார் 850 மி.மீ. என்றால் உங்கள் இரண்டு ஏக்கரில் வருடத்துக்கு ஏறத்தாழ 68 லட்சம் லிட்டர் விழுகிறது. ஒரே ராத்திரியில் 50 மி.மீ. கொட்டினால் ஏக்கருக்கு இரண்டு லட்சம் லிட்டர். இதில் பெரும்பகுதி மேல்மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடைக்குப் போகிறது. இரண்டு அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் நூறு அடி நீளக் குழி ஒன்று எடுத்தால் நிரம்பும் ஒவ்வொரு முறையும் 8,000 லிட்டருக்கு மேல் நிற்கும், நின்று மண்ணுக்குள் இறங்கும். ஆயிரம் அடிக்கு மேல் போர் போட்டும் புகைதான் வந்தது என்கிற கதையை இங்கே எல்லா ஊரிலும் கேட்கலாம். அந்தப் பணத்தில் சிறு பங்கு இந்தக் குழிகளுக்குப் போதும். சம உயரக் கோட்டைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப் இருந்தால் இரண்டு பேர் ஒரு காலையில் குறித்துவிடலாம்.

நானாக இருந்தால் முதல் வருடம் மரமே வைக்க மாட்டேன். கோடை மழையில் உழுது, குழியும் வரப்பும் எடுத்து, இயற்கை விவசாயத்துக்காக நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ச் சொன்ன பலதானிய விதைப்பை (பல வகை விதைகளைக் கலந்து விதைப்பது) செய்து, பூ எடுக்கும் சமயத்தில் மடக்கி உழுவேன். வேலியோரம் கிளைரிசிடியா, அகத்தி. வேலி முக்கியம். இந்தப் பக்கம் பழமரக் கன்றுக்கு முதல் எதிரி வெள்ளாடுதான், பூச்சியெல்லாம் அப்புறம். இரண்டாம் வருடம் மே மாதத்தில் மாவுக்கு மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழத்தில் குழியெடுத்து வெயிலில் காயவிட்டு, மேல்மண்ணோடு மக்கிய எருவும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து மூடி, ஆடி ஆவணி மழையோடு நடுவேன். பத்து மீட்டர் இடைவெளி என்றால் ஏக்கருக்கு நாற்பது மரம். நெருக்கி ஐந்து மீட்டரில் 160 மரம் வைக்கலாம், ஆனால் வருடா வருடம் கிளைகளை வெட்டி அடக்கும் கவாத்துக்கு ஆள் வேண்டும்; ஓசூரில் இருந்துகொண்டு அது நடக்காது. மா வரிசைக்கு நடுவில் சீத்தா, கொய்யா, முருங்கை. ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலேயே இருக்க வேண்டும். முதல் மூன்று வருடம் வரும் பூவைக் கிள்ளிவிட வேண்டும். மனசு கேட்காது, ஆனாலும் கிள்ளுங்கள். அரை ஏக்கரை மரமில்லாமல் ராகி, சாமை, கொள்ளு, அவரைக்கு என்று விட்டுவிடுங்கள். வீட்டுக்குச் சோறு அங்கிருந்து வரும்.

கன்றுகளுக்கு முதல் இரண்டு மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றித்தான் ஆக வேண்டும். இயற்கை முறை என்பதற்காக இதில் விலக்கு கிடையாது. சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாட்டில் 100 சதவீத மானியம் உண்டு. வட்டாட்சியர் அலுவலகத்தில் சிறு குறு விவசாயி சான்று வாங்கித் தோட்டக்கலைத் துறையில் விண்ணப்பியுங்கள். உங்கள் ஊரான பாப்பாரப்பட்டியிலேயே வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. மண் பரிசோதனை, ரகத் தேர்வு இரண்டுக்கும் அங்கே போங்கள். அவர்கள் ரசாயன உரமும் சேர்த்துத்தான் பரிந்துரைப்பார்கள். மண்ணில் என்ன குறைகிறது என்று தெரிந்துகொள்ள அந்த அறிக்கை வேண்டும், அதை எதைக் கொண்டு நிரப்புவது என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். முருங்கையும் கீரையும் நட்ட முதல் வருடத்திலிருந்து கொஞ்சம் காசு தரும், கொய்யா மூன்றாம் வருடம், மா ஓரளவு பேசும்படி காய்க்க ஆறேழு வருடம். அதுவரைக்கும் சம்பளத்திலிருந்து நிலத்துக்குப் பணம் போய்க்கொண்டிருக்கும் என்பதை வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள். வாரத்தில் ஒரு நாள் மட்டும் நீங்கள் போவதாக இருந்தால், அங்கேயே இருந்து பார்த்துக்கொள்ளும் ஒரு குடும்பத்துக்கு விளைச்சலில் பங்கு கொடுங்கள். கூலி மட்டும் வாங்கும் ஆளின் கையில் இளம் மரங்களை விட்டுப் பிழைத்த தோட்டத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

பயணத்துக்குச் சில விஷயங்கள். முன்கூட்டிப் பேசி நேரம் வாங்கிக்கொண்டு போங்கள். காலை ஏழு மணிக்குப் போய்விட்டால் பதினொன்றுக்குள் எல்லாம் பார்க்கலாம், அவர்கள் வேலையும் கெடாது. பிள்ளைகளுக்கு மூடிய ஷூ போடுங்கள். மூடாக்கு இருக்கிற இடத்தில் எலி இருக்கும், எலி இருக்கிற இடத்தில் பாம்பு வரும். கையால் மூடாக்கை விலக்கும் முன் ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள். மரத்திலிருந்து கேட்காமல் எதையும் பறிக்க விடாதீர்கள், விதைக்காக விட்ட காயாக இருக்கலாம். இந்த இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகமுள்ள ஊர்கள் உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். போர் தண்ணீர் நேராகக் குடிக்கிற இடமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். மதியம் களியும் கீரைக் கடைசலும் தருவார்கள். அதற்கும், சுற்றிக் காட்டியவரின் நேரத்துக்கும் காசு கொடுங்கள், வாங்க மறுத்தால் பழமோ தானியமோ வாங்கிக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் அவர்கள் கன்று எங்கே வாங்கினார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் நிலத்தின் பட்டா நகலும் நான்கு பக்கமும் எடுத்த சில படங்களும் போனில் இருந்தால் அவர்களிடம் காட்டுங்கள். சரிவையும் ஓடையையும் பார்த்ததும், குழியை எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று அங்கேயே சொல்லிவிடக்கூடியவர்கள் அந்தக் குழுக்களில் இருக்கிறார்கள்.